உருவமில்லாக் கோயிலின் இரண்டு வாசல்கள்: வள்ளலார் வாழ்வை மீண்டும் வாசித்தல்

ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் நுழைவும் கருவறை நுழைவும் மறுக்கப்படும்போதெல்லாம் முன்வைக்கப்படும் காரணம் ஒன்றே. கருவறையில் இருக்கும் திருவுருவம் ஆகம விதிப்படி நிறுவப்பட்டது. விதிக்குப் புறம்பானவர் தீண்டினால் அதன் தூய்மை கெடும். கெட்டால் பரிகாரச் சடங்கு செய்ய வேண்டும் என்பதே அக்காரணம். 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆகமம் விதித்த பிரிவினர் அல்லாதவர் தொட்டால் திருவுருவம் தீட்டாகும் என்ற நம்பிக்கையையும் சமய உரிமையின் பகுதியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆக, தீண்டாமை சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பின்னரும் கருவறைக்குள் அது கல்லுருவின் பெயரால் உயிர்வாழ்கிறது.

அவ்வாறாயின், தீட்டுப்படுவதற்குத் திருவுருவமே இல்லாத ஒரு கோயிலில் சாதி எங்கே போய் நிற்கும்? இந்தக் கேள்வியை ஏட்டில் எழுதாமல் கட்டடமாகவே எழுப்பிக் காட்டியவர் இராமலிங்கர். வள்ளலார் என்று மக்கள் அழைக்கும் அவருடைய வாழ்வை அற்புதச் செயல்களின் தொகுப்பாகச் சொல்லும் வழக்கமே இங்கு மிகுதி. அவற்றை விலக்கிவிட்டு, அவர் நிறுவிய இரண்டு இடங்களின் வாசல்கள் யாருக்குத் திறந்தன, யாருக்கு எந்த அளவில் திறந்தன என்ற நோக்கில் அவ்வாழ்வைப் பார்ப்பது இன்றைய தேவை.

கணக்கர் வீட்டுப் பிள்ளை

இராமலிங்கர் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை, தாய் சின்னம்மை. கருணீகர் எனப்படும் ஊர்க் கணக்கர் மரபைச் சேர்ந்த குடும்பம் அது. குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். தாய் தம் பிள்ளைகளுடன் பொன்னேரிப் பகுதிக்கும், பின்னர் சென்னைக்கும் குடிபெயர்ந்தார். மூத்த தமையன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தார். ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் அவர்கள் வாழ்ந்த வீடு இன்றும் நினைவிடமாகக் காட்டப்படுகிறது.

தமையன் அனுப்பிய ஆசிரியரிடம் இராமலிங்கர் நிலைத்துப் படிக்கவில்லை. கந்தகோட்டத்து முருகனைப் பாடிக்கொண்டு திரிந்தார். வீட்டு மாடியறையில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன் முன் விளக்கேற்றி வழிபட்டார் என்று மரபுவழியாகச் சொல்லப்படுகிறது. கண்ணாடியும் விளக்கும் பின்னாளில் வடலூரில் மீண்டும் வருவதை நாம் காண்போம்.

இளமையில் அவர் முழுமையான சைவர். கந்தகோட்டம், திருவொற்றியூர், சிதம்பரம் எனத் திருவுருவங்களின் முன் நின்று உருகிப் பாடியவர். ஒழிவிலொடுக்கம் போன்ற சைவ நூல்களைப் பதிப்பித்தவர். மனுமுறை கண்ட வாசகம் என்ற உரைநடை நூலை எழுதியவர். பசுவின் கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனுக்குத் தண்டனை விதித்த சோழனின் கதை அது. மனுவின் பெயரைத் தாங்கிய அரசனை நீதிக்கு எடுத்துக்காட்டாக முன்னிறுத்திய இளைஞர், முதுமையில் வருணத்தையும் ஆசிரமத்தையும் சாத்திரத்தையும் பிள்ளை விளையாட்டாகக் கருதி ஒதுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். இந்த மாற்றத்தை மறைத்துவிட்டு அவரை எப்போதும் ஒரே கருத்துடையவராகக் காட்டுவோர், அவரைச் சனாதனத்துக்குள் அடைப்பதற்கு வசதியாக அவரது முற்பகுதியை மட்டும் பிடித்துக்கொள்கின்றனர்.

கருங்குழியிலிருந்து வடலூருக்கு

1858இல் சென்னையை விட்டு நீங்கிய இராமலிங்கர், சிதம்பரம் சென்று வழிபட்டபின் வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கே கழிந்தன. நகரத்துப் புலவர் கூட்டத்திலிருந்து விலகி, வானம் பார்த்த பூமியில் உழைக்கும் மக்களுக்கு இடையே வாழ்ந்த காலம் அது. பயிர் வாடுவதையும் வயிறு வாடுவதையும் அவர் அருகிலிருந்து கண்டார். 1865இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் 1872இல் அதன் பெயரை மாற்றியபோது வேதம் என்ற சொல் நீங்கிச் சுத்தம் என்ற சொல் அவ்விடத்தில் அமர்ந்தது. அவருடைய பயணத்தின் திசையை அந்த ஒரு சொல் மாற்றமே காட்டிவிடும்.

1866ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியது. அடுத்த ஆண்டு, 1867 மே 23 அன்று, வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பட்டது. அதற்காக வடலூரை ஒட்டிய பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ 80 காணி நிலத்தைக் கொடுத்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது.

அன்னதானம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. சத்திரங்களும் மடங்களும் நெடுங்காலமாகச் சோறிட்டுவந்தன. ஆனால் அவற்றுள் பலவற்றில் பார்ப்பனருக்குத் தனிப்பந்தி, பிற சாதியாருக்குத் தனிப்பந்தி, தீண்டப்படாதோராக ஆக்கப்பட்டவர்களுக்கு வெளியே எஞ்சியது என்பதே வழக்கம். யாருடன் அமர்ந்து உண்பது, யார் சமைத்ததை உண்பது என்ற இரண்டு கட்டுப்பாடுகளின் மேல்தான் சாதி நிற்கிறது. தருமச்சாலையின் விதியோ பசி ஒன்றையே தகுதியாக வைத்தது. வருபவரின் சாதி, சமயம், தேசம், ஒழுக்கம் எதையும் விசாரிக்காமல் பசித்தவர் எனக் கண்டவுடன் உணவளிக்க வேண்டும் என்பது அவர் எழுதிய சீவகாருணிய ஒழுக்கத்தின் அடிப்படை. இந்த வாசலுக்குக் கதவு கிடையாது.

இதே காலத்தில் எளிய மக்களுக்குத் திருக்குறள் வகுப்பு நடத்த ஏற்பாடு செய்தார். வயது வேறுபாடின்றிப் பயிலும் பாடசாலை ஒன்றையும் எண்ணினார். இறந்தோரை எரிக்காமல் புதைக்க வேண்டும், கருமாதி, திதி போன்ற சடங்குகள் வேண்டாம், கணவன் இறந்தால் மனைவியின் தாலியைக் களையக் கூடாது என்றெல்லாம் தம்மைப் பின்பற்றியோருக்கு அறிவித்தார். புரோகிதரின் வருவாய்க்கும் அதிகாரத்துக்கும் ஊற்றாக இருந்த பிறப்பு, இறப்புச் சடங்குகளில் கை வைத்தது சாதாரணச் செயலன்று.

எதிர்ப்பு வந்த திசை

1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சேறின. அப்பாடல்களுக்கு அருட்பா என்றும் திருமுறை என்றும் பெயர் சூட்டியது பெரும் புயலைக் கிளப்பியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதனை மறுத்து எழுதினார். தேவார, திருவாசகங்களுக்கு மட்டுமே உரிய பெயரை வாழும் மனிதர் ஒருவரின் பாடலுக்குத் தருவதா என்பது வெளிப்படையான கேள்வி. எது புனிதம் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பது அதன் உள்ளே இருந்த கேள்வி. பூசல் 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. அருட்பா, மருட்பா போர் இருவரின் மறைவுக்குப் பின்னும் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

வருணத்தையும் சாத்திரத்தையும் மிகக் கடுமையாக மறுக்கும் பாடல்கள் அடங்கிய ஆறாம் திருமுறையோ அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை, 1885இல்தான் வெளிவந்தது. எதிரிகள் தடுத்ததை விட அன்பர்களின் தயக்கமே அதைத் தாமதப்படுத்தியது. அவரைச் சூழ்ந்திருந்தோரில் பெரும்பாலோர் முதலியார், ரெட்டியார், பிள்ளை எனச் சொத்தும் செல்வாக்கும் உடைய சாதிகளைச் சேர்ந்தவர்கள். குருவைப் போற்றிய அவர்களால் குருவின் முடிவுகளை முழுமையாகச் சுமக்க இயலவில்லை.

எழு திரைகளும் ஒரு விளக்கும்

1870இல் இராமலிங்கர் வடலூரிலிருந்து மேட்டுக்குப்பத்துக்குச் சென்று தங்கினார். அவர் தங்கிய இல்லத்துக்குச் சித்தி வளாகம் என்று பெயர். 1871இல் வடலூரில் சத்திய ஞானசபையின் பணி தொடங்கியது. 1872 சனவரி 25, தைப்பூசத்தன்று முதல் வழிபாடு நடந்தது.

எண்கோண வடிவில் அமைந்த அக்கட்டடத்தின் உள்ளே எந்தக் கடவுளின் உருவமும் வைக்கப்படவில்லை. உயரமான ஒரு கண்ணாடி, அதன் பின்னே ஒளிரும் ஒரு விளக்கு, அதற்கு முன்னால் ஏழு நிறத் திரைகள். அவ்வளவே. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு என அமைந்த திரைகள் அறியாமையின் அடுக்குகளைக் குறிக்கின்றன. மாதப் பூசத்தில் ஆறு திரைகள் விலக்கப்படும். தைப்பூசத்தில் மட்டும் ஏழும் விலக்கப்பட்டு அருட்பெருஞ்ஜோதி முழுமையாகக் காட்டப்படும்.

வடலூரை அவர் உத்தர ஞான சிதம்பரம் என அழைத்தார். இந்தப் பெயரில் ஒரு வரலாற்று உரையாடல் இருக்கிறது. தில்லையிலும் திரை உண்டு. திரைக்குப் பின்னே வெற்றிடம் உண்டு. ஆனால் அந்தத் திரையை விலக்கும் உரிமை தீட்சிதர்களுக்கு மட்டுமே உரியது. அந்தத் தில்லைக்குப் போக விரும்பிய புலையராகிய நந்தனார் தீயில் மூழ்கித் தம் பிறப்பைப் போக்கிக்கொண்டு அந்தண முனிவராக எழுந்த பிறகே உள்ளே செல்ல முடிந்தது எனப் பெரியபுராண மரபு சொல்கிறது. தில்லையில் நெருப்பு, நந்தனின் உடலை எரித்தது. வடலூரில் அதே நெருப்பு விளக்காகி, வழிபடப்படும் பொருளாகவே ஆனது. நெருப்பைத் தீட்டாக்க எவராலும் முடியாது. அதற்குக் குடமுழுக்கு வேண்டாம், பரிகாரம் வேண்டாம், ஆகமம் கற்ற பரம்பரை வேண்டாம்.

ஞானசபைக்கு 1872இல் அவர் வகுத்த விதிகளும் இதே தருக்கத்தைப் பின்பற்றுகின்றன. உள்ளே தூய்மை செய்வதும் விளக்கேற்றுவதும் 12 வயதுக்கு உட்பட்டவர்கள் அல்லது 72 வயதுக்கு மேற்பட்டவர்களின் பணி. சிறுவரும் முதியவரும் செய்யக்கூடிய இந்தப் பணிக்குப் பூணூலும் மந்திரமும் தேவையில்லை. ஆர்ப்பாட்டமின்றி மெல்லிய குரலில் போற்றி நிற்பதே வழிபாடு.

இதன் அளவை உணர, இதே காலத்துத் தென்மாவட்டங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். கமுதிக் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தபோது வழக்குத் தொடரப்பட்டு, 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் எனத் தொடரும் வட்டாரத்தை அடுத்த சிவகாசியில் 1899இல் மூண்ட கலவரத்துக்கும் கோயில் நுழைவு உரிமையே மையமாக இருந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய 1939 ஆக வேண்டியிருந்தது. அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே பிறப்பைக் கேட்காத ஒரு வழிபாட்டிடம் வடலூரில் திறக்கப்பட்டிருந்தது.

உருவத்தை நீக்கியவர் அவர் ஒருவரே அல்லர். தெற்கே சாமித்தோப்பில், திருவிதாங்கூர் ஆட்சியில் தோள்சீலையும் தலைப்பாகையும் மறுக்கப்பட்ட மக்களிடையே எழுந்த அய்யா வைகுண்டர் 1851இல் மறைந்தார். அவர் வழிவந்த பதிகளிலும் நிழல்தாங்கல்களிலும் வழிபடுவோர் கண்ணாடியின் முன் நிற்கின்றனர். ஈழவ மக்களிடையே தோன்றிய நாராயண குரு 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவினார்; பின்னர் 1927இல் களவங்கோடத்தில் கண்ணாடியை நிறுவினார். தீண்டாமைக்கு ஆளான மக்களிடையிலிருந்து எழுந்த இவ்விருவரின் கண்ணாடி, வழிபட வந்தவனின் முகத்தையே அவனுக்குத் திருப்பிக் காட்டியது. உன்னை இழிந்தவன் என்கிறார்களே, நீயே வணங்கத்தக்கவன் என்பது அதன் பொருள்.

உணவு என்னும் திரை

வள்ளலாரை இந்த வரிசையில் நிறுத்திப் போற்றிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. ஞானசபையின் வாசலில் பிறப்பு கேட்கப்படவில்லை. ஆனால் உணவு கேட்கப்பட்டது. கொலையும் புலையும் தவிர்த்தவர்கள், அதாவது உயிர்க்கொலையும் புலால் உணவும் விட்டவர்கள் மட்டுமே உள்ளே செல்லலாம். மற்றவர்கள் வெளியே நின்று வணங்க வேண்டும். மக்களை அவர் அக இனத்தார், புற இனத்தார் என இரண்டாகப் பகுத்தார். புலால் உண்ணும் புற இனத்தாருக்குப் பசி தீர்க்க உணவு தரலாம். அதற்கு மேற்பட்ட ஆன்மிக உரிமை அவர்கள் புலால் உண்பதை விடும்வரை இல்லை.

அவர் நோக்கம் சாதியை மீட்டெடுப்பதன்று. எந்த உயிரின் துன்பத்தையும் பொறுக்க இயலாத ஒருவரின் இரக்கமே இந்த விதியாக உறைந்தது. பார்ப்பனரானாலும் புலால் உண்டால் வெளியே. பறையரானாலும் தவிர்த்தால் உள்ளே என்பதே அதன் நேர்ப்பொருள். ஆயினும் சாதிச் சமூகத்தில் உணவு தனிமனித விருப்பமாக மட்டும் இருந்ததில்லை. செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலையைச் சில சாதிகள் மேல் சுமத்தி, நிலத்தை மறுத்து, கிடைத்ததை உண்ண வைத்து, அப்படி உண்பதையே இழிவின் சான்றாகக் காட்டியது இந்த அமைப்பு. புலால் எனப் பொருள்படும் புலை என்ற சொல்லும், நந்தனாரைக் குறித்த புலையர் என்ற சொல்லும் ஒன்றையொன்று தொட்டு நிற்பது தற்செயலன்று. மாட்டிறைச்சி உண்பதைத் தீண்டாமையின் தோற்றத்தோடு இணைத்து 1948இல் அம்பேத்கர் எழுதிய ஆய்வு, உணவுக்கும் இழிவுக்கும் உள்ள இந்த உறவைத்தான் தோண்டிக் காட்டியது.

ஆகவே வடலூரில் இரண்டு வாசல்கள் உள்ளன. தருமச்சாலையின் வாசல் நிபந்தனையற்றது. ஞானசபையின் வாசலில் ஒரு நிபந்தனை உள்ளது; அது பிறப்பைச் சொல்லவில்லை என்றாலும், பிறப்பால் பிரிக்கப்பட்ட சமூகத்தில் அதன் சுமை எல்லார் மேலும் சமமாக விழவில்லை. மாட்டிறைச்சியின் பெயரால் மனிதர்கள் அடித்துக் கொல்லப்படும் காலத்தில் வாழும் நாம், வள்ளலாரின் சீவகாருணியத்தைப் பசுவின் பெயரால் நடக்கும் வன்முறையிலிருந்து பிரித்தறிவதோடு, அந்த இரண்டாம் வாசலின் நிபந்தனையையும் விவாதத்துக்கு உட்படுத்த வேண்டும். அவருடைய சொந்த அளவுகோலில் பார்த்தாலும் பசித்தவனின் வாசலே முதலில் திறந்தது, அதுவே அகலமானது.

அறையின் கதவு மூடிய பின்

1873 அக்டோபர் 22 அன்று சித்தி வளாகத்தில் கொடியேற்றி அவர் ஆற்றிய உரை பேருபதேசம் எனப்படுகிறது. வேதம், ஆகமம், புராணம், இதிகாசம் எதிலும் பற்று வைக்க வேண்டாம் என்றும், சைவத்தின் மேல் தாம் முன்பு கொண்டிருந்த பற்றையும் விட்டுவிட்டதாகவும் அதில் அவர் தெரிவித்தார். உருவங்களைப் பாடித் தொடங்கிய வாழ்வு இந்த அறிவிப்போடு நிறைவுக்கு வந்தது. 1874 சனவரி 30 அன்று இரவு அவர் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். அதன் பின் வெளிவரவில்லை. தென்னார்க்காடு மாவட்டம் பற்றி 1878இல் கார்ஸ்டின் வெளியிட்ட அரசுக் கையேடும் இச்செய்தியைப் பதிந்துள்ளது.

குரு மறைந்த பின் சபை என்ன ஆயிற்று என்பது அவர் வாழ்வைப் போலவே முக்கியமானது. வழிபாட்டுப் பொறுப்பு சிவாச்சாரியார் குடும்பம் ஒன்றின் கைக்குச் சென்றது. பரம்பரை வேண்டாம் என்று எழுப்பப்பட்ட இடத்தில் பரம்பரை உரிமை முளைத்தது. காலப்போக்கில் உருவமற்ற சபைக்குள் சிவலிங்கம் வந்து சேர்ந்தது. சன்மார்க்க அன்பர்கள் நெடுங்காலம் போராடினர். 2006இல் இந்து சமய அறநிலையத்துறை, ஞானசபையில் உருவ வழிபாடு நடத்துவது நிறுவனரின் விதிகளுக்கு எதிரானது என உத்தரவிட்டது. அதை எதிர்த்த வழக்கில் 2010இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு, அறநிலையத்துறையின் முடிவை உறுதி செய்தார். சபை விளக்கின் வழிபாட்டுக்குத் திரும்பியது.

நூறாண்டுகளுக்கு மேலான இந்த அனுபவம் நமக்கு ஒரு பாடம். கல்லுருவை அகற்றினால் தீட்டின் தருக்கம் சரிகிறது என்பது உண்மை. ஆனால் சாவி யாருடைய கையில் இருக்கிறது என்பதை மாற்றாவிட்டால், அகற்றப்பட்ட கல் இரவோடு இரவாகத் திரும்பி வந்துவிடும். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என 1970 முதல் தமிழ்நாடு நடத்திவரும் சட்டப் போராட்டம் இந்தச் சாவியைப் பற்றியதுதான். 2021இல் சில கோயில்களில் பல சாதிகளைச் சேர்ந்தோர் அர்ச்சகராக அமர்த்தப்பட்ட பின்னும் ஆகமக் கோயில்களில் அந்த உரிமை நீதிமன்றங்களில் இழுபறியாகவே நிற்கிறது.

சாவிக்கான போட்டி இன்று வேறு வடிவங்களிலும் நடக்கிறது. 2023இல் வடலூருக்கு வந்த ஆளுநர் ஆர்.என். ரவி, வள்ளலாரைச் சனாதன தருமத்தின் உச்சமாகக் காட்டிப் பேசியது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. மறுபுறம், மாநில அரசு அவர் பிறந்தநாளைத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. சபையின் முன்னுள்ள பெருவெளியில் சர்வதேச மையம் கட்ட 2024இல் அடிக்கல் நாட்டியது. தங்கள் முன்னோர் கொடுத்த நிலம் வெட்டவெளியாகவே இருக்க வேண்டும் என்று பார்வதிபுரத்து மக்கள் எதிர்த்து நின்றனர். ஒரு தரப்பு அவரைச் சனாதனத்துக்குள் இழுக்கிறது; இன்னொரு தரப்பு அவரைக் கட்டடமாக்க முனைகிறது. அவர் கருத்தின் கூர்மையான பகுதி இரு தரப்பாராலும் எளிதில் மறக்கப்படுகிறது.

தலித் இயக்கங்களும் மாணவர்களும் வள்ளலாரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கூர்மையையே. தம் முற்கால நம்பிக்கையைத் தாமே மறுக்கும் துணிவு, புனிதத்தைத் தீர்மானிக்கும் உரிமையைப் பரம்பரையிடமிருந்து பறிக்கும் முயற்சி, சோற்றுப் பந்தியைச் சாதி ஒழிப்பின் களமாகக் கண்ட பார்வை ஆகியவை அதன் கூறுகள். அவர் விட்டுச்சென்ற உணவு நிபந்தனையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஏழு திரைகளை விலக்கினால் ஒளி தெரியும் என்றவரின் சபையில் எட்டாவதாக ஒரு திரை தொங்குகிறது. அதை விலக்கும் பணி, அத்திரைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுடையது.